ஓபராவில் இருந்த பாஸ்வேர்டு

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். பெயர் இவாஞ்சலின். என் கம்ப்யூட்டரில் நாலு பிரவுசர் உண்டு. பட்டா, சாதிச் சான்றிதழ் எல்லாம் ஃபயர்ஃபாக்ஸில். கடையின் பேங்க் கணக்கு எட்ஜில் மட்டும். வருகிறவர்களின் வேலைக்குக் குரோம். மூடியதும் பெயர், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்துபோகிற மாதிரி வைத்திருக்கிறேன். ஓபரா என் சொந்த உபயோகத்துக்கு. கேஸ் புக்கிங்கும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையும் அதில்தான். மீன் குழம்புச் சட்டியில் யாராவது பால் காய்ச்சுவார்களா? இதைச் சொன்னால் என் வீட்டுக்காரர் எபநேசர் சிரிக்கிறார். சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஒரே ஒருத்திக்காக இந்த முறையை மீறினேன். குளத்தூர்ப் பக்கத்து முத்துசெல்வி. ஆடு மேய்க்கிற வீடு. கால்நடை மருத்துவப் படிப்புக்கு என் கடையில்தான் விண்ணப்பித்தாள். அந்த வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் அண்ணன் சுடலைமணியிடம். அதனால் அவன் நம்பரைக் கொடுத்தோம். பாஸ்வேர்டை எழுதி நீட்டினால் வாங்க மாட்டேன் என்றாள். உங்க வீட்டுக்கு வைத்திருக்கிற பிரவுசரிலேயே இருக்கட்டும் அக்கா, சீட்டு வந்தால் என்னைக் கேட்காமலே எடுத்துவிடுங்கள் என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

சீட்டு வந்தது, திருநெல்வேலியில். ஏற்றுக்கொள்ள அன்று சாயங்காலம்தான் கடைசி. அதற்கு ஓடிபி வேண்டும். காலையிலிருந்து சுடலைமணிக்குப் போன் அடித்து அடித்து எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. மத்தியானம் ஆளே வந்து நின்றான். சீட்டு வேண்டாம் என்று போட்டுவிடச் சொன்னான்.

அப்பா இல்லை. அம்மா ஆவுடைத்தாய்க்கு முழங்கால் வலி. இவன் தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்கு வந்துவிட்டால் ஆடுகளை யார் பார்ப்பது? உள்ளூர்க் கல்லூரி என்றால் பஸ்ஸில் போய் வந்துவிடுவாள். இப்படியே சொல்லிக்கொண்டு போனான். அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை, அதுதான் எனக்கு எரிச்சல். தங்கச்சிக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"சேத்துட்டு வாரேன்னு சொல்லிட்டுதான்க்கா வந்தேன்," என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

குரோமைத் திறக்கச் சொன்னான். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று கொடுத்தால் அவன் போனுக்குத்தானே நம்பர் வரும் என்றான். விவரமான பயல். நான் முடியாது என்றால் அடுத்த கடையில் செய்து கொடுத்துவிடுவார்கள். ஓபராவைத் திறந்தேன்; பக்கத்தில் என் கேஸ் புக்கிங் பக்கமும் திறந்திருந்தது. முத்துசெல்வியின் பக்கம் வந்தது. ஏற்கிறேன் என்பதை அழுத்தினேன். அவன் சட்டைப் பையில் போன் சத்தம் கொடுத்தது.

"இது உங்க வீட்டுதுல்லா? இதுல எப்படிக்கா அவ பேரு?"

அவள் சொன்னதைச் சொன்னேன்.

"என்னைய நம்பலியாக்கா அவ?"

"நீ இப்ப எதுக்கு வந்திருக்கன்னு நெனச்சுப் பாருல."

போனைக் கையில் எடுத்தான். அப்படியே பைக்குள் போட்டுக்கொண்டு போயிருந்தால் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது. மனசுக்குள் ஜெபித்துக்கொண்டிருந்தேன். அவன் ஒவ்வொரு எண்ணாக வாசித்தான். நடுவில் ஒன்றைத் தப்பாகச் சொல்லி, இல்லக்கா என்று திருத்தினான். நான் தட்டினேன். சீட்டு அவளுக்கு உறுதியானது.

வாசல்வரை போனவன் திரும்பி வந்தான். கண் கலங்கியிருந்தது.

"அந்தப் பாஸ்வேர்ட உங்கதுல இருந்து அழிச்சிருங்கக்கா. இனி எங்கிட்ட இருக்கட்டும்."

பாவமாகத்தான் இருந்தது. என்றாலும் மவுஸில் கை வைக்கவில்லை.

"அத அவ வந்து சொல்லட்டும் தம்பி, அழிக்குதேன்."