ஆறாவது துண்டு

பெரியக்கா சட்டம் போட்டால் போட்டதுதான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த காலத்திலேயே அப்படி. ஓய்வு பெற்ற பிறகு கேட்கவே வேண்டாம். வருஷத்துக்கு ஒரு முறை பழைய தோழிகள் அவர் வீட்டில் கூடுவார்கள். போன வருஷம் பேச்சு முழுக்க முழங்கால் வலியிலும் சர்க்கரை மாத்திரையிலுமே போய்விட்டதில் அவருக்கு மகா கோபம்.

"இந்தத் தடவை எவளாவது வியாதி பத்திப் பேசினா வாசலோட அனுப்பிடுவேன். அவங்கவங்களுக்குப் பிடிச்ச எழுத்தாளர் யாரு, புத்தகம் எதுன்னு சொல்லணும். புத்தகத்தைக் கையோட கொண்டு வந்து, ரொம்பப் பிடிச்ச பக்கத்தை வாசிச்சுக் காட்டணும்" என்று ஒவ்வொருத்தியையும் போனில் கூப்பிட்டு உத்தரவு போட்டார்.

கண்ணாடி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "தையல்காரி கதைதான் அக்கா. கடைசிப் பக்கம்" என்று அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டாள். அவசரக்குடுக்கை. வேலையில் சேர்ந்த அன்றே சோடாபுட்டிக் கண்ணாடியோடு வந்து நின்றதால் வந்த பெயர்தான் கண்ணாடி. இன்றைக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்து கண்ணாடி போய்விட்டது, பெயர் போகவில்லை.

அந்தக் காலத்து எக்ஸ்சேஞ்சைப் பார்த்தவர்கள் இப்போது குறைவு. நீளமாக ஒரு பலகை, அதில் வரிசை வரிசையாகத் துளைகள். தலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, வயரை இந்தத் துளையிலிருந்து பிடுங்கி அந்தத் துளையில் செருகி, ஊரையே பேச வைத்தார்கள் இந்தப் பெண்கள். போன் கால் வராத நேரத்தில் என்ன செய்வது? படிப்பார்கள். ஆனால் சூப்பர்வைசர் அம்மா முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே இருப்பார். தடித்த புத்தகத்தை எங்கே ஒளிப்பது?

வாயாடி என்று பேர் எடுத்தவள்தான் வழி கண்டுபிடித்தாள். எல்லாருமாகச் சேர்ந்து வாங்கிய நாவலை மடியில் போட்டு, பிளேடால் தையலைப் பிரித்து ஆறு துண்டாக்கிவிட்டாள். கோழியை வெட்டுகிற மாதிரி வெட்டினாள் என்று பெரியக்கா இன்றைக்கும் திட்டுவார். ஒரு துண்டு, கால் விவரம் எழுதும் சீட்டுக் கட்டுக்கு அடியில் கச்சிதமாகப் படுத்துக்கொள்ளும். முடித்தவள் பக்கத்துச் சீட்டுக்குத் தள்ளுவாள். துண்டு இடம் மாறி வந்து, கதாநாயகியின் சாவுக்கு அழுத பிறகு அவள் கல்யாணத்தைப் படித்த கூத்தெல்லாம் நடந்திருக்கிறது. அட்டை முதல் துண்டோடு போய்க் கிழிந்துவிடும் என்பதால் எழுத்தாளர் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. மீசைக்காரர், அழுமூஞ்சி, கழுத்தறுப்பு என்று இவர்கள் வைத்ததுதான் பெயர். அழுமூஞ்சி பெரிய எழுத்தாளரா மீசைக்காரர் பெரிய எழுத்தாளரா என்று டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சண்டை போடுவார்கள். சாப்பாடு ஆறிப் போகும், சண்டை ஆறாது. அந்த மாதிரிச் சந்தோஷம் பிறகு யாருக்கும் வாய்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

தையல்காரி கதை மீசைக்காரர் எழுதியது. கணவன் இன்னொருத்தியோடு போய்விடுகிறான். மனைவி ஒரு பழைய தையல் மெஷினை வைத்துக்கொண்டு பிழைக்கிறாள். ஐந்தாவது துண்டின் கடைசி வரியில் கதவு தட்டப்படுகிறது. அவன்தான் திரும்பி வந்திருக்கிறான். அதை மூச்சுப் பிடித்துப் படித்தபோது கண்ணாடியின் வயிற்றில் ஐந்து மாதக் குழந்தை. அவள் கணவனும் சொல்லாமல் கொள்ளாமல் இன்னொருத்தியோடு போய், அப்போது ஒரு வாரம்கூட ஆகவில்லை.

ஆறாவது துண்டு முணுமுணுவிடம் இருந்தது. பக்கத்துச் சீட்டுக்காரி. வாய்க்குள்ளேயே பேசுவாள். அப்படிப்பட்டவளுக்கு டெலிபோனில் வேலை கொடுத்தது யார் என்று எல்லாரும் கேலி செய்வார்கள்.

"அது மழையில நனைஞ்சு கூழாயிடுச்சுடி" என்றாள் முணுமுணு. "நான் படிச்சுட்டேன். சொல்றேன் கேளு."

ஒரு போன் காலுக்கும் இன்னொரு போன் காலுக்கும் நடுவே, வயரைச் செருகிக்கொண்டே சொன்னாள். தையல்காரி உடனே எழுந்திருக்கவில்லை. தைத்துக்கொண்டிருந்த ரவிக்கைக் கையை முடித்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அப்புறம் போய்க் கதவைத் திறந்து, கடைக்கு வந்தவரிடம் கேட்கிற மாதிரி மரியாதையாகக் கேட்டாள்: "உங்களுக்கு யார் வேணும்?" அவள் திரும்பிப் போய் அடுத்த கையைத் தைக்க உட்கார்ந்தாள். அவ்வளவுதான், கதை முடிந்தது.

கண்ணாடி அதைப் பிடித்துக்கொண்டாள். பிரசவ வலியிலும் பிடித்துக்கொண்டாள், வாடகை வீட்டைத் தனியாக மாற்றியபோதும் பிடித்துக்கொண்டாள். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம் அவன் நிஜமாகவே வந்தான். இளைத்து, தாடி வளர்த்து, பார்க்கவே பரிதாபமாக. உள்ளுக்குள் எல்லாம் உருகி ஓடியது அவளுக்கு. ஆனாலும் கேட்டாள்: "உங்களுக்கு யார் வேணும்?" வந்த வழியே போய்விட்டான். அவள் அன்றைக்குச் செய்தது சரிதானா என்று எத்தனையோ முறை குழம்பியிருக்கிறாள். குழம்பும்போதெல்லாம் அவளுக்கு ஆதரவாக அந்தத் தையல்காரிதான் வந்து நின்றாள்.

கூட்டத்துக்கு முதல் நாள், மகள் தேடிப்பிடித்து வாங்கிய புதுப் பதிப்பு கைக்கு வந்தது. கண்ணாடி ஆசை ஆசையாகக் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். கதவைத் திறந்த தையல்காரி, 'என் தெய்வமே வந்துவிட்டீர்களா' என்று கதறி அவன் காலில் விழுகிறாள். அவன் தூக்கி நிறுத்துகிறான். மெஷினை மூலையில் தள்ளிவிட்டு அடுப்பு மூட்டப் போகிறாள்.

திருத்திய பதிப்போ என்று முன்னும் பின்னும் புரட்டினாள். முன்னுரையில் எழுத்தாளரே சொல்லியிருந்தார், ஒரு வரிகூட மாற்றவில்லையாம். அப்போதுதான் உறைத்தது. உங்களுக்கு யார் வேணும் என்று எந்தத் தையல்காரி கேட்பாள்? அது எக்ஸ்சேஞ்சில் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து நாள் முழுக்க இவர்கள் கேட்ட கேள்வி அல்லவா!

முதலில் வந்தது கோபம்தான். என் வாழ்க்கையோடு விளையாடிவிட்டாளே பாவி! எதை நம்பி ஒரு மனுஷனை வாசலோடு திருப்பி அனுப்பினேன்? முணுமுணுவை நாலு கேள்வி கேட்க எண்ணிப் போனை எடுத்தாள், வைத்தாள். நாளைக்கு எல்லார் முன்னாலும் எதை வாசிப்பது? அச்சில் இருப்பதை வாசித்தால் முணுமுணுவின் மானம் போகும். அவள் சொன்னதைச் சொன்னால் தானே ஒரு பொய்க்குத் துணை போன மாதிரி. இதற்கு நடுவில் இன்னொரு பயம் நெஞ்சை அரித்தது. அந்த முடிவு பொய் என்றால், தான் வாழ்ந்தது என்ன?

மறுநாள் பெரியக்கா வீட்டுக் கூடத்தில் நாலு பேர்தான். பழைய ஆறு பேரில் வராத இருவரில் ஒருத்தி மகனோடு வெளிநாட்டில். இன்னொருத்தி போய்ச் சேர்ந்துவிட்டாள். பெரியக்கா அழுமூஞ்சியை வாசித்து, வாசித்த இடத்திலேயே அழுதார். வாயாடி கழுத்தறுப்புக்காக வக்கீல் மாதிரி வாதாடினாள். முணுமுணு ஏதோ வாசித்தாள், யாருக்கும் கேட்கவில்லை, எல்லாரும் தலையாட்டினார்கள்.

"ம், கண்ணாடி. ஆரம்பி" என்றார் பெரியக்கா.

கண்ணாடி புத்தகத்தை எடுத்ததுமே முணுமுணுவின் முகம் மாறியது. புது அட்டையைப் பார்த்தாள். அதில் அச்சிட்டிருந்த எழுத்தாளரின் மீசையைப் பார்த்தாள். முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். அந்த வெளிறிய முகத்தைப் பார்த்ததும், ஒரு நாள் முழுக்கத் திரட்டி வைத்திருந்த கோபம் எங்கே போனதென்றே கண்ணாடிக்குத் தெரியவில்லை.

கடைசிப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, தையல்காரி ரவிக்கைக் கையைத் தைத்து முடித்ததிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். நூலைக் கடித்தது, கதவைத் திறந்தது, கேள்வி கேட்டது. பெரியக்கா, "அடடா, இதுதான்டி எழுத்து" என்று தொடையில் தட்டினார்.

பக்கத்தில் இருந்து எட்டிப் பார்த்த வாயாடியால் சும்மா இருக்க முடியுமா? "ஏய், என்னடி இது? இங்க அவ கால்ல விழுறா! நீ படிக்கிறது இதுல இல்லவே இல்லையே!"

"இதுல இல்லதான்."

"அப்ப எழுதினது யாரு?"

கண்ணாடி புத்தகத்தை மூடினாள். "பிடிச்ச எழுத்தாளர் யாருன்னு கேட்டீங்களேக்கா. மீசைக்காரர் இல்ல. இதோ உக்காந்திருக்காளே, இவதான்."

பெரியக்காவும் வாயாடியும் முணுமுணு பக்கம் திரும்பினார்கள்.

முணுமுணு தலையைத் தூக்கவில்லை. "அந்த ஆறாவது துண்ட பஸ்ல வரும்போது படிச்சேன்" என்றாள். மற்ற இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் சாய வேண்டியிருந்தது. "வயித்தப் புடிச்சுக்கிட்டு நீ சீட்ல உக்காந்திருந்தது கண்ணுலயே நின்னுச்சு. உனக்குக் குடுக்க மனசு வரல. பஸ் சீட்டுக்கு அடியில போட்டுட்டு எறங்கிட்டேன். அப்புறம் உன் வீட்டுக்காரர் வந்துட்டுப் போனார்னு நீ சொன்னப்போ, நான் தூங்கவே இல்ல. உன் குடும்பத்தக் கெடுத்துட்டேனோன்னு இன்னிக்கு வரைக்கும்..."

கண்ணாடி எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தக் காலத்தில் உட்கார்ந்த அதே வலது பக்கம். சுருட்டிப் பிடித்திருந்த முந்தானையை அவள் விரல்களிலிருந்து மெதுவாக விடுவித்தாள்.

"அசடே. நீ மட்டும் அத என் கையில குடுத்திருந்தா, அவர் வந்த அன்னிக்கு நானும் கால்ல விழுந்திருப்பேன்டி" என்றாள்.