வலது கையின் விவாகரத்து

விவாகரத்தால் எந்தப் பெண்ணுக்கும் ஒரு தும்மல்கூட வந்ததாகச் சரித்திரமே இல்லை என்று சட்டைத் தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் அறிவித்த வாரத்தில்தான், அங்கே காலர் தைக்கும் அவருடைய தங்கையின் வலது கை அவளை விவாகரத்து செய்தது. நீதிமன்றத்தில் கணவனைப் பிரியக் கையெழுத்துப் போட்டது அந்தக் கைதான். பிரிந்து போக வேண்டியது தான்தான் என்று அது தப்பாக எடுத்துக்கொண்டுவிட்டது. தோளில் ஒட்டிக்கொண்டிருந்தது, குடித்தனம் மட்டும் இல்லை. கணவனின் கையும் அதே மேசையில்தான் கையெழுத்திட்டது. அதற்கு ஒரு குறையும் வரவில்லை. மறு வருடமே இன்னொருத்தியைக் கைப்பிடித்தது.

மருத்துவர் களிம்பு கொடுத்தார். கை அதைச் சட்டை செய்யவில்லை, சட்டையும் செய்யவில்லை. காலையில் அதை மடியில் கிடத்தி, மாமியாரைக் கூப்பிடும் மரியாதையோடு, "வாங்கம்மா, வேலைக்கு நேரமாச்சு" என்று கெஞ்சுவாள். மனமிருந்தால் வரும். வருடங்கள் போயின. இரண்டு பேர் வேலையைப் பார்த்த இடது கை தோளிடம் புலம்பியது, தோள் முதுகிடம் சொன்னது, முதுகு தூக்கத்தைக் கெடுத்தது, தூக்கம் போய் ரத்த அழுத்தத்திடம் போட்டுக்கொடுத்தது. காலரிலிருந்து பொத்தானுக்கும், பொத்தானிலிருந்து நூல் வெட்டவும் இறக்கப்பட்டாள். அதற்குக் கீழே வாசல்தான் இருந்தது. மகளோ இன்னும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

"கையோட பேச்சுவார்த்தையா? அடுத்து காலும் கோவிச்சுக்கும், அதுக்கும் ஒரு கும்பிடு போட்டு வை" என்பார் அண்ணன், கூடமே சிரிக்க.

"கும்பிடக் கை வேணுமேண்ணே" என்பாள்.

பிறகொரு நாள் முதலாளி வந்தார். எல்லோரும் அவர் கண்ணெதிரே ஒரு காலர் தைத்துக் காட்ட வேண்டும். முடியாதவர்கள் வீட்டுக்குப் போகலாம். அவர் மெஷின் மெஷினாக நெருங்க நெருங்க அவளுக்குக் கையைக் கூப்பிடக் குரலே எழும்பவில்லை. கை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளாய்த் துணிமேல் கிடந்தது. முதலாளி பக்கத்து மெஷினுக்கு வந்துவிட்டார்.

மேற்பார்வையாளர் எதையோ தவறவிட்டவர் போலக் குனிந்தார். அவளுக்கு மட்டும் கேட்டது: "வாங்கம்மா... பெரிய மனசு பண்ணுங்க. எங்க தப்புதான்."

கை எழுந்தது. முதலாளி காலரைத் திருப்பிப் பார்த்தார், குறை சொல்லாமல் நகர்ந்தார்.

அடுத்த வருடம், இரண்டாம் வரிசைப் பெண்ணொருத்தி விவாகரத்து முடிந்து வேலைக்குத் திரும்பினாள். மேற்பார்வையாளர் அவளிடம் ஒன்றும் விசாரிக்கவில்லை. அவளுடைய வலது கையைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களாம்மா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.