தலைமன்னாருக்கும் ஓர் எரிமலை

ஓகுஸ்த் கெர்வெலான் என்ற பிரெஞ்சு நாவலாசிரியர் நூறு சாகச நாவல்கள் எழுதினார். கடலைக் கண்டதில்லை. பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போனாலே தலை சுற்றும் என்று வீட்டிலேயே இருந்து, வரைபடத்தில் கண்ட ஊர்ப்பெயர்களை வைத்துக் கதை கட்டியவர். ஒரு நாவல் மன்னாரில் நடக்கிறது. அதில் முத்துக்குளிப்பவர்கள் யானைமேல் ஏறித்தான் கடலுக்குள் இறங்குவார்கள்.

இலண்டனுக்கு வருமுன் பாரிசில் கோப்பை கழுவிப் பிரெஞ்சு படித்தவர் சூசைநாதன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றதும் அந்த நாவலைத் தமிழாக்கத் தொடங்கினார். ஒரு சொல்லையும் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன் என்று அந்தோனியார் சொரூபத்தின் முன்னால் சத்தியம் வேறு. மனைவி முதல் அத்தியாயத்திலேயே தூங்கிப்போனார். அவர் வாசிக்கக் கேட்க உலகத்தில் மிஞ்சியது, இலண்டன் வால்தம்ஸ்டோவில் ஞாயிறு பூசை முடிந்து தேநீருக்குக் கோயில் மண்டபத்தில் தங்கி, பேசாலை, தலைமன்னார், வங்காலை என்று ஊர் ஊராக உட்காரும் மன்னார்ச் சனம் மட்டும்தான். அவர்களும் எழும்பிப் போனால் கெர்வெலானுக்கு இரண்டாம் சாவு.

எரிமலை அத்தியாயம் வந்தது. மன்னாரில் ஒரு மேடுகூட இல்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். சூசைநாதன் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசித்தார்: "பேசாலையில் மலை பிளந்தது. நெருப்பு வானத்தைத் தொட்டது."

பற்றிஸ் கடிக்கும் சத்தம் நின்றது. தலைமன்னார் பெர்னடெற் எழும்பினார்.

"கொஞ்சம் நில்லுங்கோ. எரிமலை எங்க எண்டனீங்கள்?"

"பேசாலையில, அக்கா. நான் சொல்லேல்லை. அந்த மனுசன் எழுதினது."

"பேசாலையிலயோ!"

முன்வரிசையில் பேசாலை பீற்றர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஓம். எங்கட கிணத்துத் தண்ணி எப்பவும் சூடுதானே."

"வெயிலுக்குச் சூடாகாமல் ஐஸாவே இருக்கும்? உங்களுக்கு எரிமலை, எங்களுக்கு ஒண்டும் இல்லையோ?"

"உங்களுக்குத்தான் கடைசி ரயில் ஸ்டேசன் தந்திருக்கே."

தலைமன்னார்ப் பக்கத்துக் கதிரைகள் எல்லாம் ஒன்றாகப் பின்னுக்கு இழுபட்டன. "வாங்கோ, போவம்," என்றார் பெர்னடெற். "பேசாலைக் கதையைப் பேசாலையே கேக்கட்டும்."

பாதி உலகம் கோட்டுப் போடத் தொடங்கியது. சத்தியம் கேட்ட அந்தோனியார் கோயிலுக்குள் இருந்தார். கோயிலுக்கும் மண்டபத்துக்கும் நடுவில் தடித்த சுவர் இருந்தது.

"இருங்கோ அக்கா, அத்தியாயம் இன்னும் முடியேல்லை," என்ற சூசைநாதன், முடிந்துபோன தாளைப் பார்த்து வாசித்தார்: "அதே கணம் தலைமன்னாரிலும் ஒரு மலை வெடித்தது. முன்னதைவிட ஒரு முழம் உயரம்."

பெர்னடெற் கோட்டைக் கழற்றினார். "அது எனக்கு முந்தியே தெரியும். எங்கட அடுப்படி எந்நேரமும் அதிரும்."

"ஒரு முழம் கூடிப்போச்சு," என்றார் பீற்றர்.

பின்வரிசையில் வங்காலைக்காரர் ஒருவர் கையை உயர்த்தினார். சூசைநாதன் பக்கத்தைப் புரட்டினார். வெறுந்தாள். நிறைய இடம் இருந்தது.