மூடுவதற்கு முன்

நான்கு மணி நேரம் ஆகும் என்று சொன்ன டாக்டர் மூன்று மணி நேரத்திலேயே வெளியே வந்ததும் மருதாசலம் பதறி எழுந்தான். எருமப்பட்டியிலிருந்து வடநாடு வரை லாரி ஓட்டுகிறவன் அவன். வாரக்கணக்கில் ரோட்டிலேயே காலம் தள்ளுகிறவனுக்கு மெட்ராஸ் ஆஸ்பத்திரி பெஞ்சில் இந்த மூன்று மணி நேரத்தைத் தள்ள முடியவில்லை.

உள்ளே இருப்பது அவன் மனைவி சௌந்திரம். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவள் இருதய வால்வைக் கெடுத்துவிட்டிருந்தது. முப்பது வயதுகூட ஆகவில்லை, ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாது. வால்வைத் தைத்துச் சரிசெய்வதாகச் சொல்லி உள்ளே கொண்டுபோயிருந்தார்கள்.

டாக்டர் முகத்துணியை இறக்கினார். தையல் முடிந்து, நிறுத்திவைத்திருந்த இருதயம் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டதாம். நெஞ்சை மூடுவதற்கு முன், காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பிப் படம் காட்டும் கருவி ஒன்றை இருதயத்தின் மேலேயே வைத்துப் பார்த்தார்களாம். தொட்டுப் பார்த்தபோது சரியாகத் தெரிந்த வால்வில், படத்தில் பார்த்தால் இன்னும் ரத்தம் ஒழுகுகிறதாம். போன வருடம் வரை அந்தக் கருவி இங்கே இல்லை. இருந்திராவிட்டால் நல்லபடி முடிந்தது என்று மூடி அனுப்பியிருப்பார்களாம்.

“இப்படியே மூடினால் இன்றைக்குப் பிழைத்துக்கொள்வார், ஆனால் மூச்சுத்திணறல் போகாது. மறுபடி இருதயத்தை நிறுத்தித் தைத்தால் சரியாகலாம். ஆபத்து கூடுதல்தான். உடனே சொல்லுங்கள்” என்றார்.

மாமியார் சென்னியம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “வேண்டாமுங்க மாப்பிள்ளை. உசுரோட குடுத்தாப் போதும். இன்னொருக்கா நிறுத்தச் சொல்லாதீங்க.”

பெற்றவள் வேறு என்ன சொல்வாள்? ‘சரி’ என்று தலையாட்டினால் போதும், பொழுது சாய்வதற்குள் சௌந்திரத்தைக் கண்ணால் பார்த்துவிடலாம்.

“தெச்சுப்போடுங்க” என்றான். சொன்னது தான்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

டாக்டர் உள்ளே போனதும் சென்னியம்மாள் அவன் கையை விட்டாள். பெஞ்சின் அந்தக் கோடிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. இரண்டு தடவை எழுந்து கதவுவரை போனான், வேண்டாம் என்று சொல்லிவிட. இரண்டு தடவையும் திரும்பி வந்து உட்கார்ந்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நர்ஸ் ஓடினாலும் பயந்தான், சும்மா நடந்தாலும் பயந்தான்.

இரண்டு மணி நேரம் கழித்து டாக்டர் வந்தார். மறுபடியும் கருவியை வைத்துப் பார்த்தாயிற்று, சொட்டு ஒழுகல் இல்லை, மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்றார்.

மருதாசலம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சென்னியம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“உங்களுக்கு எம்புட்டு நெஞ்சழுத்தமுங்க. பெத்தவ எனக்கு அந்தத் தெகிரியம் வல்லையே.”

“அழுத்தமெல்லாம் இல்லீங்க அத்தை. ராத்திரி பூரா செவுத்துல சாஞ்சுக்கிட்டு மூச்சுக்கு அல்லாடுவாளுங்க. அதை இனி ஒரு ராத்திரிகூடப் பார்க்க என்னால ஆகாது. அந்தப் பயத்துலதான் சொன்னேன்.” துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். “அதுக்கு அவ செத்தாலும் தேவலைன்னு நெனைச்சுப்போட்டேனுங்க.”

சென்னியம்மாள் அவன் வாயைப் பொத்தினாள்.

“நானும் நெனைச்சிருக்கேன் சாமி. அவகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க.”