வாய்க்கு வந்த தலாக்

எங்கள் மன்சூரா நகரில் 'இது நடக்காவிட்டால் என் மனைவிக்குத் தலாக்' என்று சத்தியம் செய்யப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். மீன்காரன் விலையைக் குறைக்காவிட்டாலும் தலாக், விருந்தாளி இன்னொரு டீ குடிக்காவிட்டாலும் தலாக். என் மனைவி நஜ்வாவை இப்படி எத்தனை தடவை பணயம் வைத்தேன் என்று எனக்கே கணக்கில்லை.

அன்றைக்கும் அப்படித்தான். மகள் பசந்த்துக்கு ஒன்பது வயது. கணக்கில் இருபதுக்கு நாலு வாங்கியிருந்தாள். டேப்லெட்டில் எதையோ சுட்டுக்கொண்டே, சாப்பிடக் கூப்பிட்ட அம்மாவை "அந்தப் பக்கம் போ" என்று விரட்டினாள். எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"இனிமே இந்த கேமைத் தொட்டுப் பாரு, உங்கம்மாவுக்குத் தலாக்!"

"வாயைக் கழுவுங்க முதல்ல," என்று சொல்லிவிட்டு நஜ்வா ரொட்டியை எடுத்து வைத்தாள். டேப்லெட் அலமாரிக்கு மேலே போனது.

ஓரிரு நாளில் பிள்ளை ஆளே மாறிவிட்டாள். சத்தமில்லை, சண்டையில்லை. பாத்திரம்கூடக் கழுவினாள். நான் காப்பிக்கடையில் மார்தட்டிக்கொண்டேன்.

"கேம் பிள்ளையைக் கெடுக்குதுன்னு புலம்புறீங்களே, வீட்ல அப்பன்னு ஒருத்தன் இருக்கணும்டா!"

பதினைந்தாம் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள்.

"ரகப் சார், பரீட்சைத் தாள்ல அவ பேரைக்கூட எழுதல. யாரோடயும் பேசறதுமில்ல," என்றார் வகுப்பாசிரியை இனாயாத்.

"எல்லாம் அந்த கேம் பண்ண வேலை டீச்சர். மூளையிலேர்ந்து இறங்க நாளாகும்," என்றேன், பெரிய டாக்டரைப் போல.

"அது இல்ல. நேத்து மார்க்கக் கல்வி வகுப்புல ஒண்ணு கேட்டிருக்கா. தலாக் ஆனது தெரியாம ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருந்தா, பாவம் அம்மாவுக்கா அப்பாவுக்கான்னு. வீட்ல ஏதாவது..."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பசந்த்தைக் கூட்டி வந்தார்கள். என்னைப் பார்த்ததுமே அழுதுவிட்டாள்.

"மறுநாளே தொட்டுட்டேன்பா. நாற்காலி போட்டு எடுத்தேன். ஒரே ஒரு ஆட்டம்தான். முடிச்சப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. சொன்னா அம்மா மாமா வீட்டுக்குப் போயிடுவாங்கல்ல? அதான் சொல்லல. உங்களுக்குப் பாவம் வரக்கூடாதுன்னுதான் தினமும் உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வந்து படுத்தேன்."

கேம் பார்த்த பயத்தில் வந்து படுக்கிறாள் என்று நஜ்வாவிடம் விளக்கம் வேறு சொல்லியிருந்தேன். இனாயாத் டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. வெட்கத்தில் என் காது கொதித்தது. அதை மறைக்க, கேவலமாக, சிரித்துத் தொலைத்தேன்.

"அசடு! அது சும்மா வாய்க்கு வந்ததும்மா. தலாக்கெல்லாம் ஆகல."

"சும்மாவா சொன்னீங்க?"

"சும்மாதான்."

பதினைந்து நாள் அவள் சுமந்தது என் சும்மாவை. மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தாள்.

"அப்போ அம்மா எங்கயும் போகமாட்டாங்கதானே? சத்தியமா?"

வாயைத் திறந்தேன். எதன்மேல் சத்தியம் செய்தால் இந்தப் பிள்ளை இனி என்னை நம்புவாள் என்று தெரியவில்லை.