வளைவில் பதித்த கண்ணாடி

அருவிக்குப் போகிற ஒரே வழி, இடிந்த கோட்டையின் கல் வளைவுக்கு அடியில்தான். அந்த வளைவில் ஒரு விரிசல். இடித்துத் தள்ளிவிடலாம் என்று மேலதிகாரி ஒற்றைக் காலில் நின்றபோது, மழைக்காலம் முடியும்வரை பொறுங்கள் என்று தன் தலையில் பொறுப்பைப் போட்டுக்கொண்டவள் ஓர் இளம் பொறியாளர். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்து வைத்துப் பதித்தாள். கல் துளி நகர்ந்தாலும் கண்ணாடி உடையும். உடைந்தால் வளைவுக்கும் அன்றோடு ஆயுள் முடிந்தது.

மழை ஓய்ந்த முதல் ஞாயிறு, மாமனாரையும் மாமியாரையும் அழைத்துக்கொண்டு வந்தாள். உல்லாசப் பயணம் என்று பெயர்தான். வழி நெடுக அவள் நினைப்பெல்லாம் அந்தக் கண்ணாடித் துண்டிலேயே இருந்தது. நனைந்த புல்மேடு, பாதி சரிந்த மதில்கள், தூரத்து அருவியின் இரைச்சல், எதுவும் மனதில் ஒட்டவில்லை. இடிந்த சுவரைப் பார்க்க நம் வீட்டுக் குளியலறையே போதாதா என்று மாமியார் கணவரைச் சீண்டினார். வாய்க்கு வாய் பதில் தருகிற மனிதர் அன்று கைத்தடியைத் தடவுவதிலேயே கவனமாக இருந்தார்.

கண்ணாடி உடைந்திருந்தது.

"போச்சு அத்தை" என்று அவள் அப்படியே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகுதான் உற்றுப் பார்த்தாள். கல் நகர்ந்திருந்தால் கீறல் விரிசலோடு ஓடியிருக்கும். இதுவோ ஓரத்தில் ஒரு புள்ளியிலிருந்து சிலந்திவலைபோலச் சிதறியிருந்தது. அளவெடுப்பதற்காக விரிசலின் இருபக்கமும் தான் முன்பே அடித்துவைத்த பித்தளைக் குமிழ்களுக்கு நடுவே அளவுகோலை வைத்தாள். இடைவெளி மயிரிழைகூட மாறவில்லை. இன்னொரு தடவை வைத்தாள். போன உயிர் திரும்பியது.

"வளைவு அசையவே இல்ல. யாரோ தட்டி உடைச்சிருக்காங்க."

அவளுடையதைவிடப் பெரிய பெருமூச்சு பின்னாலிருந்து வந்தது.

"நான்தாம்மா" என்றார் மாமனார். "போன வாரம் வாக்கிங் கூட்டாளிங்களோட பஸ் பிடிச்சு வந்தேன். என் மருமக வச்ச கண்ணாடிதான் இந்தக் கோட்டையையே காக்குதுன்னு சொன்னேன். ஒருத்தன் சிரிச்சான். எவ்வளவு உறுதி பாருடான்னு இந்தத் தடியால லேசா ஒரு தட்டு..."

"வயித்து வலின்னு வாரம் பூரா கஷாயம் வாங்கிக் குடிச்சது இதுக்குத்தானா?" என்றார் மாமியார்.

கோபப்பட வேண்டிய மருமகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பையிலிருந்து புதுக் கண்ணாடியை எடுத்துப் பதித்தாள். கைத்தடியை மாமியார் பறிமுதல் செய்தார். மூவரும் வளைவைக் கடந்து அருவிப் பக்கம் நடந்தார்கள். மாமனார் மட்டும், யாரும் சொல்லாமலே, இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு.