செங்கல் சூளைக்குப் பின்னால் இருக்கும் ஐரோப்பா

என் கணவர் டிமோனுக்குப் பொய் சொல்ல வராது. பெருமையாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். சிலருக்குக் காது கேட்காது, சிலருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, இவருக்குப் பொய் வராது. அரசியலில் இருந்துகொண்டு இப்படி ஒரு குறையா என்று எங்கள் லிபோவெட்ஸ் ஊரே அவருக்காகப் பரிதாபப்பட்டது.

அடிப்படையில் அவர் பூகோள வாத்தியார். வகுப்பில் வரைபடம் போடச் சொன்னால், "எல்லைக் கோட்டை மட்டும் பென்சிலால லேசாப் போடுங்க, எப்படியும் அழிக்க வேண்டி வரும்" என்பார். போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரலாமா என்று நாட்டு மக்களிடம் ஓட்டுக் கேட்ட வருஷம், சைக்கிளில் ஒன்றியத்தின் நீலக் கொடியைக் கட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகச் சுற்றினார். நாய்கள் துரத்தின. ஒரு பண்ணைக்காரி, "சேர்ந்தா என் மாட்டுக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டாள். வேறு யாராவது என்றால் பாலாறு ஓடும் என்று சொல்லியிருப்பார்கள். இவர், "மாட்டுக்கு ஒண்ணும் கிடைக்காதும்மா, உங்களுக்கு நிறைய ஃபாரம் கிடைக்கும்" என்றார்.

முதல்முறை மாவட்டத் தேர்தலில் நின்றபோது, பாதிரியார் மரியாதைக்கு, "இன்னிக்குப் பிரசங்கம் எப்படி இருந்தது?" என்று கேட்டுவைத்தார். "நடுவுல தூங்கிட்டேன் ஃபாதர்" என்றார் இவர். தேர்தல் சர்ச் வாசலிலேயே முடிந்துபோனது. பிறகு பாதிரியார் மாற்றலாகிப் போனார், இவர் ஜெயித்தார். கொஞ்ச காலம் பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பியப் பாராளுமன்றத்திலும் உட்கார்ந்துவிட்டு வந்தார். அவர் கொண்டுவந்த பணத்தில்தான் எங்கள் ஊருக்குத் தீயணைப்பு வண்டி வந்தது, பேருந்து நிறுத்தம் வந்தது. 'ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன்' என்ற நீலப் பலகை நிறுத்தத்தைவிடப் பெரிது. மழை வந்தால் ஜனங்கள் பலகைக்கடியில்தான் ஒதுங்குவார்கள்.

இந்த இலையுதிர் காலத்தில் அவர் செனட்டுக்கு நின்றார். எதிரே நின்றவர் டுடெக். மர அறுவை மில் வைத்திருந்தவர், மனைவியை இழந்தவர், மூக்கு நுனியில் கோபம். ஐரோப்பா என்ற சொல்லைக் கேட்டாலே முள்ளங்கியைக் கடித்ததுபோல முகம் கோணும், 'நம்ம எல்லையை விடக் கூடாது' என்று கத்துவார். என் கணவருக்கு 'பிரஸ்ஸல்ஸ் மாப்பிள்ளை' என்று பேர் வைத்தது அவர்தான். என் முடிதிருத்தும் கடையிலேயே உட்கார்ந்து, என்னிடமே தலையைக் கொடுத்துக்கொண்டு, அந்தப் பேரைச் சொல்வார். கத்திரி என் கையில் இருக்கும்போது அவருக்கு இருந்த துணிச்சலை நான் மெச்சத்தான் வேண்டும்.

இனிக் காளான் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் காட்டில் ஓர் இடம் உண்டு. போரோவிக், அதாவது தடித்த தண்டும் பழுப்புத் தொப்பியுமாக நிற்கிற காளான் ராஜா, எங்கே முளைக்கிறது என்பதை யாரும் யாருக்கும் சொல்ல மாட்டார்கள். கேட்டால் பொய் சொல்லலாம்; அது பாவக் கணக்கில் சேராது. என் அப்பா ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சுக்கு முன்னால், நர்ஸை வெளியே போகச் சொல்லிவிட்டு என் காதில் எங்கள் இடத்தைச் சொன்னார். என் அண்ணனுக்குச் சொல்லவில்லை. அண்ணன் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அவன் பேசாமல் இருப்பதை என்னால் தாங்கிக்கொள்ள முடிகிறது, அந்த இடம் அப்படிப்பட்டது. டிமோனுக்கே இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகுதான் காட்டினேன்.

தேர்தலுக்கு முந்தின வாரம் தீயணைப்புப் படைக் கூடத்தில் இரண்டு பேரையும் மேடையேற்றினார்கள். மகளிர் சங்கம் ஆப்பிள் கேக் வைத்திருந்தது, அதனால் கூட்டத்துக்குக் குறைவில்லை. டிமோன் எழுந்து வழக்கமான பாட்டைப் பாடினார். எல்லைகள் மனசில்தான் இருக்கின்றன, ஒளிவு மறைவு இல்லாத பொதுவாழ்க்கை, இத்யாதி.

டுடெக் மைக்கைப் பிடித்தார். "ஒளிவு மறைவே இல்லையாமே? அப்போ ஒரே ஒரு கேள்வி. உங்க வீட்டுக்காரம்மா வருஷா வருஷம் கூடை கூடையா போரோவிக் கொண்டு வர்றாங்களே, அது எந்த இடம்?"

கூடம் அதிர்ந்துபோனது. ஒருத்தி கேக்கை வாயில் வைத்தபடி அப்படியே நின்றாள். பொது இடத்தில் கேட்கிற கேள்வியா இது? ஒரு மனுஷனைச் சட்டையைக் கழற்றச் சொன்னால்கூட இதைவிட நாகரிகமாக இருக்கும்.

டிமோன் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். கண்ணை உருட்டினேன். சொன்னால் அடி விழும் என்று கைப்பையை உயர்த்திக் காட்டினேன். 'சதுப்பு நிலத்துப் பக்கம்' என்று பொய்யாக ஒரு வார்த்தை சொன்னால் போதும், முடிந்தது.

"பழைய செங்கல் சூளைக்குப் பின்னால வாய்க்காலைத் தாண்டணும்" என்றார் என் கணவர். "மூணு பிர்ச் மரம் ஒண்ணா நிக்கும். அங்கேருந்து பைன் மரம் ஆரம்பிக்கிற சரிவு. பாசிக்கு நடுவுல பாருங்க."

கூடத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தீயணைப்புப் படைத் தலைவர் க்ஷெம்பா தொடையைத் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவி, கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எதற்கென்று எனக்குப் புரியவில்லை. என் காதில் அப்பாவின் கடைசி மூச்சுதான் கேட்டுக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பிடி பிடி என்று பிடித்தேன்.

"யோவித்தா, காடு எல்லாருக்கும் பொதுதானே..." என்று இழுத்தார்.

"உங்க ஐரோப்பாவை உங்கம்மா வீட்டுச் சொத்துல கட்டுங்க! எங்கப்பா சொத்துதான் கிடைச்சுதா?"

"கேட்டாங்க, சொன்னேன். வேற என்ன பண்ணச் சொல்றே?"

"பொய் சொல்லுங்க! ஊர்ல இருக்கற சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியுது!"

விடிந்ததும் ஊர் வந்து சரிவை மொட்டையடித்துவிடும். அதற்குள் முடிந்ததைப் பறித்துவிடலாம் என்று, வெளிச்சம் வந்ததும் வராததுமாக இரண்டு கூடைகளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நான் நினைத்தது சரிதான், சாலை நிறையக் கார்கள். ஆனால் எல்லாம் எதிர்த்திசையில், சதுப்பு நிலத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. க்ஷெம்பா கண்ணாடியை இறக்கினார்.

"என்னம்மா நீங்க இந்தப் பக்கம் போறீங்க? எங்களைச் சுத்தல்ல விடவா? சூளைன்னு சொன்னா சதுப்பு நிலம்னு அர்த்தம், எங்களுக்குத் தெரியாதா! பொய்யே வராதுன்னு நினைச்சோம், காளான்னு வந்ததும் உங்க வீட்டுக்காரர் சரியான கில்லாடி. முகம் ஒரு சுளிப்புச் சுளிக்கணுமே, ம்ஹூம்! நான்கூட அவரை பிரஸ்ஸல்ஸ் ஆளுன்னு நினைச்சேன். நம்ம ஆளுதாம்மா!"

அப்போதுதான் கைதட்டலுக்குப் பொருள் விளங்கியது. அவர் அவ்வளவு பேர் முன்னால் உண்மையைப் போட்டு உடைத்திருக்கிறார், ஒரு ஜீவனும் நம்பவில்லை. என் சரிவுக்கு இதைவிட நல்ல பூட்டை யாரும் செய்திருக்க முடியாது. சாலையோரத்தில் நின்று தனியாகச் சிரித்தேன்.

சூளையைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி, மூன்று பிர்ச் மரங்களிடம் வந்தேன். பாசிக்கு நடுவே போரோவிக் கூட்டம் கூட்டமாக நின்றது. அதன் நடுவே, கையில் கத்தியோடு மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார் டுடெக்.

"நீங்க எப்படி இங்க?" என்றேன்.

"அவர்தானே சொன்னார்" என்றார், ஏதோ பேருந்து நேரம் கேட்டதுபோல. "இத்தனை வருஷமா அந்த மனுஷனைத் திட்டறேன். ஒரு தடவையாவது பொய்யைக் கையும் களவுமாப் பிடிச்சிடலாம்னு அலைஞ்சேன். கிடைச்சாத்தானே!"

எனக்கு வந்தது கோபமா வேறு ஏதாவதா என்று அப்போது பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

"ஊருக்குள்ள போய்ச் சொல்லப் போறீங்களா?"

அவர் யோசித்தார். யோசிக்கும்போது அவர் முகம் மரப்பலகையில் ஆணி இறங்குவதுபோல இறுகும். சொன்னால், வீட்டு இரகசியத்தைக் காக்கத் தெரியாத அசடு என்று டிமோனை ஊர் தோற்கடிக்கும், செனட் டுடெக்குக்கு வரும். ஆனால் ஊர் இந்தச் சரிவுக்கும் வந்துவிடும். அவர் கையிலிருந்த போரோவிக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புழு அரிக்காத, கல் மாதிரிக் காளான்.

"செனட்ல நாலு வருஷம் உக்காந்தா முதுகு வலிதான் வரும்" என்றார் கடைசியில். "ஆனா சும்மா வாயை மூட மாட்டேன் யோவித்தாம்மா. சரிவுல பாதி எனக்கு."

"பாதியா? எங்கப்பா..."

"எல்லையைக் குச்சி நட்டுப் பிரிச்சுக்கலாம். அந்தப் பக்கம் உங்களுது, இந்தப் பக்கம் என்னுது."

"வெயில் படற பக்கத்தையெல்லாம் நீங்களே எடுத்துக்கிட்டா எப்படி? குச்சியைத் தள்ளி நடுங்க!"

வெகுநேரம் சண்டை போட்டு, குச்சிகளை நட்டோம். நடும்போது அவர் குனிந்து ஒற்றைக் கண்ணை மூடிக் கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்தார். வாழ்நாளெல்லாம் எல்லைகளுக்காகக் கத்திய மனுஷனுக்கு இப்போதுதான் சொந்தமாக ஒன்று கிடைத்தது.

டிமோன் ஜெயித்தார், அதுவும் அமோகமாக. ஆனால் ஜெயித்த மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை. தெருவில் போகிறவர்களெல்லாம் முதுகில் தட்டி, "செங்கல் சூளையா! ஹா!" என்றார்கள். "நான் உண்மையைத்தான் சொன்னேன்" என்று அவர் சொன்னால் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். ஒருநாள் பத்திரிகைக்காரரைக் கூப்பிட்டு விளக்கம் கொடுக்கப் போனார். அவர், 'செனட்டரின் நகைச்சுவை' என்று தலைப்புப் போட்டார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் மேஜை போட்டேன். பீட்ரூட் சூப்பில் காளான் அடைத்த குட்டிக் கொழுக்கட்டைகள், பொரித்த கெண்டை மீன், எதிர்பாராத விருந்தாளிக்காக எப்போதும்போல ஒரு காலித் தட்டு. டிமோன் கரண்டியைக் கையில் எடுத்துவிட்டு அப்படியே வைத்தார்.

"இவ்வளவு வருஷம் இந்த ஊருக்கு உழைச்சேன். கடைசியில ஒரு பொய்க்காக ஓட்டுப் போட்டாங்க. அதையும் நான் சொல்லல. இந்த ஊர்ல என்னை நம்பற ஆள் ஒருத்தர்கூடவா இல்ல, யோவித்தா?"

எனக்குப் பதில் தெரிந்தும் வாயைத் திறக்க முடியாத நிலைமை. டிமோனுக்குத் தெரிந்தால் ஊருக்கும் தெரிந்துவிடும்; டுடெக்கோடு போட்ட ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. டுடெக் நின்றுகொண்டிருந்தார். நூலில் கோத்து உலர்த்திய காளான் மாலை கையில் தொங்கியது.

"வீட்ல தனியா இருக்கப் பிடிக்கல" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "காலித் தட்டு இருக்குமேன்னு வந்தேன்."

எந்த எதிரியையும் அன்றைக்குத் திருப்பி அனுப்ப முடியாது. டிமோன் எழுந்து, சர்ச்சிலிருந்து வந்த மெல்லிய பண்டிகை அப்பத்தைப் பகிர்ந்துகொள்ள நீட்டினார். இரண்டு பேரும் ஆளுக்கொரு துண்டை உடைத்துக்கொண்டார்கள். டிமோனின் பார்வை காளான் மாலைமேல் போனது.

"நல்ல போரோவிக். எங்க பறிச்சீங்கன்னு கேட்டா சொல்லவா போறீங்க?"

டுடெக் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். கண்ணை உருட்டினேன். பொய் சொல்ல அவருக்கு நன்றாக வரும். ஆனால் வாயில் புனித அப்பம் இருந்தது.

"செங்கல் சூளைக்குப் பின்னால" என்றார். "மூணு பிர்ச் மரம். நீங்க சொன்ன அதே இடம்."

டிமோன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "என்னை... நம்பினீங்களா?"

"உங்க கட்சியை நம்பல. உங்க ஐரோப்பாவைச் சுத்தமா நம்பல" என்றார் டுடெக். "உங்களை நம்பினேன். ஓட்டு மட்டும் எனக்கே போட்டுக்கிட்டேன்."

என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய் டுடெக்கைக் கட்டிக்கொண்டார். டுடெக் கட்டிப்பிடிக்கப்பட்ட மரக்கட்டை மாதிரி நின்றார். இனி மறைத்துப் பயனில்லை என்று நான் குச்சிக் கதை முழுவதையும் சொன்னேன். டிமோன் கேட்டார், சிரித்தார், பிறகு அவர் முகத்தில் பழைய சைக்கிள் காலத்து வெளிச்சம் வந்தது.

"எனக்கு ஒரு யோசனை" என்றார். "வசந்த காலத்துல மூணு பேருமாப் போய், அந்தக் குச்சியையெல்லாம் பிடுங்கிப் போட்டுடலாமே?"

"கையை வெச்சுப் பாருங்க!" என்று நானும் டுடெக்கும் ஒரே குரலில் கத்தினோம்.